மழையை எண்ணுவோம்: கியா பார்மில் 50 வெள்ளிக்கு ஒரு மழைமானி



இந்த மாதப் பாடத்தில் நாம் ஒரு மழைமானி செய்யப் போகிறோம். எவ்வளவு மழை பெய்தது என்று அதுவே எண்ணிக்கொள்ளும். அளவு கூடினால் விளக்கு எரியும், மணி அடிக்கும். பொருள்களுக்கு ஏறக்குறைய 50 வெள்ளி ஆகும். படிவம் மூன்று கணக்கு தெரிந்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆர்டுயினோ வாங்குவார்கள், விளக்கை மின்ன வைப்பார்கள், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அடுத்த வாரம் அந்தப் பலகை மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆர்வம் இல்லாமல் இல்லை. அந்த விளக்கு மின்னினாலும் மின்னாவிட்டாலும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதுதான் காரணம். ஒரு கருவிக்குத் தேவை என்று ஒன்று இருந்தால்தான் அதை முடிக்கணும், பழுது பார்க்கணும், பத்திரமாக வைத்துக்கொள்ளணும் என்கிற எண்ணம் வரும்.

கியா பார்மில் அந்தத் தேவை வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. மலைதான் அது.

மலையும் மழையும்

சிம்பாங் பூலாய் வழியாக ஏறி வந்தால் கம்போங் ராஜா, திரிங்காப் தாண்டி கியா பார்ம். அடுத்தது பிரிஞ்சாங். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். சாலை ஓரம் காய்கறிச் சந்தை, சரிவெல்லாம் தோட்டம், கொஞ்சம் தள்ளினால் சுங்கை பாலாஸ் தேயிலைக் காடு. சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தச் சரிவு அழகு. அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

மழை பெய்தால் மண் ஏன் சரிகிறது? கடற்கரையில் மணல் வீடு கட்டியிருப்பீர்கள். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரமான மணல் நன்றாக நிற்கும். தண்ணீர் அதிகமானால் அதே மணல் கூழாகி ஓடிவிடும். மலைச்சரிவும் அப்படித்தான். மண் துகள்களுக்கு இடையே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. மழைநீர் உள்ளே இறங்கி அந்த இடைவெளிகளை நிரப்பும். மண்ணின் எடை கூடும். உள்ளே சேர்ந்த நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். துகளும் துகளும் உரசிப் பிடித்துக்கொண்டிருந்த பிடி தளரும். ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத்தானே தாங்க முடியாமல் இறங்கிவிடும்.

இதில் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழையும் ஆபத்து. நாள் முழுக்க விடாமல் பெய்யும் சாதாரண மழையும் ஆபத்து. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதில் நாம் ஏமாந்துவிடுவோம். நம் கருவி இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்று தேயிலை மலைகள்

நம் பாட்டன் பூட்டன் எந்தெந்த மலைகளில் தேயிலை வேலைக்குப் போனார்களோ, அந்த மலைகளில் எல்லாம் இந்தக் கதை நடந்திருக்கிறது.

இலங்கையில் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டம். 2014 அக்டோபர் 29, காலை வேளை. மலை இறங்கி வந்து தமிழ்த் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

கேரளாவில் மூணாறு அருகே பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, லயன்களில் எல்லோரும் அடங்கிவிட்ட நேரம். 70 பேர் மாண்டார்கள். சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் வெளியுலகத்துக்குச் சேதி போகவே மறுநாள் காலை ஆனது.

நம் கேமரன் மலையிலும் 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்தாம் வேலி பகுதிகளில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்கள் போயின. 2024 ஜனவரி 26 அதிகாலையில் கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஐவரும் மியன்மாரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டிமுடியிலும் புளூ வேலியிலும் மலை இருட்டில் இறங்கியது. ஆட்கள் தூங்குகிற நேரத்திலும் மழையைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகத்தான் ஒரு சின்னக் கருவியை உட்கார வைக்கப் போகிறோம்.

மூணாற்றிலேயே நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. அங்குள்ள அந்தோனியார் காலனி சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் மழைமானியோடு, மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தையும் சரிவின் அசைவையும் அளக்கும் உணரிகளைப் புதைத்து, கம்பியில்லாத் தொடர்பில் இணைத்தார்கள். 2009 ஜூலை மழையில் அந்த அளவுகளை வைத்து எச்சரிக்கை விடப்பட்டது. அது பெரிய ஆய்வு, பெரிய செலவு. ஆனால் அதன் முதல் படி மழையை அளப்பதுதான். அந்த முதல் படியை நாம் ஏறலாம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன?

கியா பார்மில் தெரிந்த பாட்டி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "எப்பவும் பெய்யிற மழைதானே தம்பி, இதுல அளக்க என்ன இருக்கு?" என்றார். "நேத்து மழை அதிகமா, முந்தாநாள் மழை அதிகமா பாட்டி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் மழைதான்" என்று சிரித்தார். நாம் எல்லோருமே அப்படித்தான். மழை என்றால் நமக்கு 'லேசா', 'நல்லா', 'பேய் மழை' என்று மூன்று அளவுதான். பேய் மழை நேற்றைவிட இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று கேட்டால் பதில் இல்லை.

ஆனால் அளக்கும் பழக்கம் நமக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டு விவசாயிகள் மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று சொல்வார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், அரசுப் பண்டகசாலையில் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்க வேண்டும் என்று இருக்கிறது. வறண்ட நிலத்துக்கு எவ்வளவு மழை, ஈர நிலத்துக்கு எவ்வளவு என்று கணக்கும் அதில் உண்டு. மழை அளவு தெரிந்தால்தான் எங்கே எதை விதைக்கலாம் என்று அரசு முடிவு செய்யலாம். பாத்திரத்தின் வாய் அகலத்தை ஏன் சொன்னார்கள் என்று கவனியுங்கள். வாய் அகலம் தெரியாமல் உள்ளே விழுந்த தண்ணீரை மழை அளவாக மாற்ற முடியாது. நம் கருவிக்கும் அதே கணக்குதான்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், தண்ணீர் எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல் அப்படியே நின்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று பொருள்.

நம் புனலின் வாய் 16 செ.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 8 செ.மீ. பரப்பளவு 3.14 × 8 × 8 = ஏறக்குறைய 201 சதுர செ.மீ. ஒரு மில்லிமீட்டர் என்பது 0.1 செ.மீ. ஆகவே 201 × 0.1 = 20.1 மி.லி. அதாவது இந்தப் புனலில் 20 மி.லி. தண்ணீர் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. 5 மி.லி. விழுந்தால் கால் மில்லிமீட்டர்.

உங்கள் புனல் வேறு அளவாக இருந்தால் இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். வாயின் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை அளக்கணும், வெளி விளிம்பு இல்லை.

மழையின் வேகத்துக்கு நம் வடிகால், நீர்ப்பாசன இலாகா ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 1 முதல் 10 மி.மீ. லேசான மழை, 11 முதல் 30 வரை மிதமானது, 31 முதல் 60 வரை கனமழை, 60-க்கு மேல் மிகக் கனமழை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

விளையாட்டுத் திடலில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பதில் ஒரு சின்னத் தொட்டி. புனலிலிருந்து சொட்டும் தண்ணீர் மேலே இருக்கும் தொட்டியில் விழுகிறது. 5 மி.லி. சேர்ந்ததும் எடை தாங்காமல் அந்தப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. இப்போது மறுபக்கத் தொட்டி மேலே வந்து நிரம்பத் தொடங்குகிறது. இப்படி மாறி மாறிச் சாயும். ஒவ்வொரு சாய்வும் கால் மில்லிமீட்டர் மழை. நான்கு சாய்வு ஒரு மில்லிமீட்டர்.

சாய்வை எண்ணுவதற்கு ஒரு காந்தமும் ஒரு ரீட் சுவிட்ச்சும். ரீட் சுவிட்ச் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே தொட்டும் தொடாமலும் இரண்டு உலோகத் தகடுகள். பக்கத்தில் காந்தம் வந்தால் தகடுகள் ஒட்டும், போனால் பிரியும். சீசாவின் நடுவில் காந்தத்தை ஒட்டினால், ஒவ்வொரு முறை சாயும்போதும் அது சுவிட்ச்சைக் கடந்து போகும். ஆர்டுயினோவுக்கு ஒரு 'டக்' கிடைக்கும். அவ்வளவுதான்.

தேவையான பொருள்கள்

1. ஆர்டுயினோ ஊனோ பலகை (அசலுக்கு நிகரான மலிவுப் பலகை போதும்)
2. ரீட் சுவிட்ச் ஒன்று, சின்ன வட்டக் காந்தம் ஒன்று
3. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்.இ.டி. ஒவ்வொன்று, 220 ஓம் மின்தடை மூன்று
4. 5 வோல்ட் பஸ்சர், பிசி 547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் மின்தடை
5. 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று
6. அழுத்தும் பொத்தான் ஒன்று
7. பிளாஸ்டிக் புனல், பழைய ஐஸ்கிரீம் டப்பா, சைக்கிள் கம்பி, இரண்டு திருகாணி, சின்ன வலை
8. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, 5 முதல் 10 மீட்டர் நெட்வொர்க் கேபிள்
9. ஊசி இல்லாத மருத்துவச் சிரிஞ்சு ஒன்று

கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசாரில் எல்லாம் வாங்கலாம். மலையில் இருப்பவர்கள் ஈப்போவுக்கு இறங்கும்போது வாங்கி வரலாம், இல்லையென்றால் இணையத்தில். ஏழாவது வரிசையில் உள்ளவை வீட்டிலேயே கிடைக்கும்.

செய்முறை

முதலில் தொட்டி. ஐஸ்கிரீம் டப்பாவின் பிளாஸ்டிக்கை வெட்டி, சுமார் 10 செ.மீ. நீளத்துக்குப் படகு போல ஒரு தொட்டி செய்யுங்கள். இரு முனையும் திறந்திருக்கணும். நடுவில் ஒரு தடுப்பை நிறுத்தி ஒட்டுங்கள். தடுப்புக்குக் கீழே சைக்கிள் கம்பியை அச்சாகக் கோத்து, பெட்டிக்குள் ஆடும்படி பொருத்துங்கள். உராயாமல், தடையில்லாமல் ஆடுகிறதா பாருங்கள். கருவியின் உயிரே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, தொட்டியின் இரு பக்கமும் கீழே ஒரு திருகாணி. சாய்ந்த பக்கம் அதில் போய் உட்காரும். திருகாணியை உயர்த்தினால் தொட்டி குறைந்த தண்ணீரிலேயே சாயும். தாழ்த்தினால் அதிகத் தண்ணீர் கேட்கும். சிரிஞ்சில் 5 மி.லி. எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரு பக்கமும் 5 மி.லி.யில் சாயும்வரை சரி பண்ணுங்கள். பெட்டி மட்டமாக இல்லாவிட்டால் இந்த வேலை எல்லாம் வீண். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காந்தத்தைத் தொட்டியின் பக்கவாட்டில் நடுவே ஒட்டி, அது கடந்து போகும் இடத்தில் ரீட் சுவிட்ச்சைப் பெட்டியின் சுவரில் பொருத்துங்கள். சுவிட்ச்சின் கால்களை வளைக்கும்போது கண்ணாடிக்கு ஒட்டி வளைத்தால் உடைந்துவிடும். இடுக்கியால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி வளையுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் போடுங்கள். அந்த ஓட்டைகளுக்கு வலை கட்டுங்கள், பூச்சி ஏறாது.

நான்காவது, இணைப்பு. ரீட் சுவிட்ச்சின் ஒரு கால் பூமி முனைக்கு, மறு கால் ஆர்டுயினோவின் 2-ஆம் முனைக்கு. கேபிள் நீளமாக இருப்பதால் அது ஆன்டெனா மாதிரி வேலை செய்து பொய்யான 'டக்'குகளைக் கொண்டுவரும். அதைத் தடுக்க 2-ஆம் முனைக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையும், 2-ஆம் முனைக்கும் பூமிக்கும் இடையே மின்தேக்கியும் போடுங்கள். எல்.இ.டி. மூன்றும் 8, 9, 10-ஆம் முனைகளில், ஒவ்வொன்றோடும் 220 ஓம். பொத்தான் 4-ஆம் முனைக்கும் பூமிக்கும் இடையில்.

பஸ்சரை நேரே முனையில் மாட்ட வேண்டாம். அது கேட்கும் மின்னோட்டம் ஊனோவின் ஒரு முனை சௌகரியமாகத் தருவதைவிட அதிகமாக இருக்கலாம். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்கட்டும். இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். பஸ்சரின் கூட்டல் கால் 5 வோல்ட்டுக்கு, கழித்தல் கால் கலெக்டருக்கு, எமிட்டர் பூமிக்கு. பேஸ், 1 கிலோ ஓம் வழியாக 11-ஆம் முனைக்கு.

ஒரு பாதுகாப்பு விதி. வெளியே மழையில் போகும் கம்பியில் 5 வோல்ட் மட்டும்தான் இருக்க வேண்டும். 240 வோல்ட் இணைப்பை எக்காரணம் கொண்டும் வெளியே இழுக்காதீர்கள். இடி இடிக்கும்போது கருவியைப் பார்க்க வெளியே போகாதீர்கள்.

நிரல்: கணினிக்கு என்ன சொல்லணும்?

நிரலை வரி வரியாகத் தருவதைவிட அதன் யோசனையைச் சொல்கிறேன். யோசனை புரிந்தால் எழுதுவது சுலபம்.

ஒன்று: 'டக்' வந்ததும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. ஆனால் ரீட் சுவிட்ச்சின் தகடுகள் ஒட்டும்போது துள்ளும். ஒரு சாய்வுக்கு மூன்று நான்கு 'டக்' வரும். அதனால் ஒரு 'டக்' வந்தபின் 200 மில்லி விநாடிக்குள் வருவதைத் தள்ளிவிடு. ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால்கூட 300 சாய்வுதான், 12 விநாடிக்கு ஒன்று. ஆக உண்மையான சாய்வு எதையும் இழக்க மாட்டோம்.

இரண்டு: ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தால் 144 பெட்டிகள். ஒவ்வொரு பத்து நிமிட எண்ணிக்கையையும் ஒரு பெட்டியில் போடு. 144 நிரம்பியதும் மிகப் பழைய பெட்டியை அழித்து அதன் மேல் எழுது. ஒரு பெட்டிக்கு ஒரு பைட் போதும். ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம். அது பத்து நிமிடத்தில் 63 மி.மீ.க்கு மேல்.

மூன்று: கடைசி 6 பெட்டிகளின் கூட்டுத்தொகை ஒரு மணி நேர மழை. 144 பெட்டிகளின் கூட்டுத்தொகை 24 மணி நேர மழை. நான்கால் வகுத்தால் மில்லிமீட்டர்.

'நள்ளிரவில் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி எண்ணினால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியற்காலை நான்கு வரை மழை பெய்தால், அது இரண்டு நாளாகப் பிரிந்து இரண்டுமே சின்ன எண்ணாகத் தெரியும். மலைக்கு நம் காலண்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது கடந்த சில மணி நேரத்தில் உள்ளே இறங்கிய தண்ணீர்தான்.

நான்கு: 24 மணி நேர அளவு 75 மி.மீ. (300 சாய்வு) தாண்டினால் மஞ்சள், 100 (400 சாய்வு) தாண்டினால் ஆரஞ்சு, 150 (600 சாய்வு) தாண்டினால் சிவப்பு. ஒரு மணி நேரத்தில் 31 மி.மீ. (124 சாய்வு) வந்தால் பஸ்சர் சிறிது நேரம், 60 மி.மீ. (240 சாய்வு) தாண்டினால் நீண்ட நேரம். ஒவ்வொரு வண்ணம் மாறும்போதும் ஒரு முறை பஸ்சர்.

ஐந்து: பொத்தானை அழுத்தினால் பஸ்சர் நிற்கணும், விளக்கு மட்டும் எரியணும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நிறுத்த முடியாத மணியை முதல் ராத்திரியே யாராவது பிளக்கோடு பிடுங்கிவிடுவார்கள். பிறகு மாட்டவே மாட்டார்கள்.

சரிபார்த்தல்

ஒரு போத்தலில் சரியாக 500 மி.லி. தண்ணீர் எடுத்து, மூடியில் ஊசி ஓட்டை போட்டு, புனலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். அரை மணி நேரம் சொட்டட்டும். 500 ÷ 5 = 100 சாய்வு வரணும். 92 தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு சாய்வு 500 ÷ 92 = 5.43 மி.லி., அதாவது 0.27 மி.மீ. திருகாணியைச் சரி செய்யலாம், அல்லது நிரலில் 0.25-க்குப் பதில் 0.27 போடலாம். தண்ணீரை வேகமாக ஊற்றிச் சோதிக்காதீர்கள். தொட்டி சாயும் நொடியில் விழும் தண்ணீர் எண்ணிக்கையில் வராமல் போகும். கருவி குறைத்துக் காட்டும். கடும் மழையில் இந்தக் குறை கொஞ்சம் இருக்கவே செய்யும்.

பக்கத்திலேயே நேரான சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வையுங்கள். தினமும் காலை எட்டு மணிக்கு அடிமட்டக் கோலை விட்டு நீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருந்தால் டப்பாவில் நிற்கும் உயரமே மழை அளவு. கருவி சொல்வதும் டப்பா சொல்வதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். 50 வெள்ளி செலவு செய்ய முடியாத வீட்டிலும் இந்த டப்பாவை வைக்கலாம். என்ன, ராத்திரியில் அது மணி அடிக்காது.

எங்கே வைப்பது?

கூரை ஓரத்தில் வேண்டாம், மரத்தடியில் வேண்டாம், காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அருகில் இருக்கும் பொருளின் உயரம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்த இடத்தில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். தோட்டத்துக் கோயில் வளாகம் இதற்கு நல்ல இடம். திறந்தவெளி இருக்கும், மின்சாரம் இருக்கும், தினமும் ஆள் வருவார்கள்.

கியா பார்மின் குளிருக்கும் மூடுபனிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். பனி படிந்து இணைப்புகள் பச்சை பிடிக்கும். ஆர்டுயினோ இருக்கும் பெட்டியை உள்ளே, கூரைக்குக் கீழே வையுங்கள். வெளியே இருக்கும் இணைப்புகளைப் பற்றவைத்து, மேலே நிறமில்லா நகப்பூச்சைத் தடவுங்கள். சூரியத் தகடு போடலாமே என்று தோன்றும். ஆனால் நமக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது வெயிலே வராத நாள்களில். சாதாரணப் பவர்பேங்க்கும் சரிவராது. ஊனோ இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று நினைத்துப் பல பவர்பேங்க்குகள் தானே அணைந்துவிடும். வைஃபை ரவுட்டருக்கு விற்கும் சின்ன மாற்று மின்கலப் பெட்டி, 5 வோல்ட் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போனால் 144 பெட்டிகளும் காலியாகிவிடும். பெருமழை நாளில்தான் மின்சாரம் போகும்.

வாரம் ஒரு முறை புனலைப் பாருங்கள். இலை, சிலந்தி வலை, பூச்சிக்கூடு எதுவும் இருக்கக்கூடாது. அடைத்துக்கொண்ட மழைமானி 'மழையே இல்லை' என்று சொல்லும். அதைவிடக் கெட்ட பொய் இல்லை.

எண் வந்த பிறகு

75, 100, 150 என்று நான் சொன்ன அளவுகள் இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தன் மலை மாவட்ட மக்களுக்குச் சொல்லும் படிகள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் கிளம்பத் தயாராக இரு, 150 என்றால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேறு. அது அந்த மண்ணுக்குப் போட்ட கணக்கு. நம் மலையின் மண் வேறு, வெட்டிய சரிவு வேறு. இங்கே இதைவிடக் குறைந்த மழையிலும் மண் சரியலாம். ஆகவே நம் மழைமானியில் மஞ்சள் எரியவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது. மஞ்சள் எரிந்தால் 'எழுந்திரு, பார், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடு' என்று அர்த்தம். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. கிளம்பிவிடணும்.

விளக்கோடு சேர்த்துக் கண்ணாலும் பார்க்க வேண்டியவை உண்டு. சரிவில் அல்லது சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று மூட முடியாமல் சிக்கும் கதவு, கலங்கி வரும் ஊற்றுநீர், ஊற்றே இல்லாத இடத்தில் நீர்க்கசிவு. இதில் ஒன்று தெரிந்தாலும் மழை அளவைப் பார்க்கத் தேவையில்லை. உடனே விலகி நின்று 999-ஐ அழையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அரசாங்கத்திடம் பெரிய மழைமானிகள் இருக்கும்போது நமக்கு எதற்கு?' என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இலாகாவின் நிலையங்கள் நம்முடையதைவிடத் துல்லியமானவை, அவற்றின் அளவுகளை இணையத்தில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் மலையில் மழை ஒரே மாதிரி பெய்யாது. மேல் கோட்டில் கொட்டும்போது கீழே ரோடு காய்ந்து கிடப்பதை கியா பார்மில் இருப்பவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் என்ன பெய்தது என்பது அங்கே வைத்த கருவிக்குத்தான் தெரியும். இன்னொன்று, ஒரு ஊரில் பத்துப் பிள்ளைகள் தினமும் மழை அளவை எழுதினால், அந்த ஊரில் பத்து வீடுகள் மழையைப் பற்றி எண்ணில் பேச ஆரம்பிக்கும். மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தும் பலன் இல்லாமல் போனது. ஒரு எச்சரிக்கை காகிதத்திலேயே தங்கிவிடாமல் இருக்க, அது என்ன சொல்கிறது என்று புரிந்தவர்கள் ஊருக்குள் இருக்க வேண்டும்.

ஆகவே கருவி செய்து முடித்த நாளில் பாதி வேலைதான் முடிந்தது. மணி அடித்தால் யார் கேட்பார்கள்? அவர் யாருக்கு போன் பண்ணுவார்? வயசானவர்களையும் குழந்தைகளையும் யார் கூட்டிப்போவார்கள், எங்கே? கீழ்க் கோட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு யார், எந்த மொழியில் சொல்வார்கள்? இதை ஒரு தாளில் எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நாம் பேசும் சேவை என்பது இந்த மாதிரி நேரத்தில் ஒரு தொலைபேசி எண்ணாக இருக்கும்.

குழுவாகச் செய்ய

1. உங்கள் புனலின் வாய் 20 செ.மீ. என்றால் 5 மி.லி. எத்தனை மில்லிமீட்டர் மழை? (விடை: ஏறக்குறைய 0.16)
2. மாலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை மணிக்கு 9 மி.மீ. வீதம் விடாமல் மழை பெய்கிறது. இலாகாவின் பிரிவில் இது 'லேசான' மழைதான். நம் மழைமானியில் எந்த விளக்கு எரியும், எத்தனை மணிக்கு? (குறிப்பு: மஞ்சள் இரவு இரண்டரை மணிக்குள் எரிந்துவிடும். ஆரஞ்சு எப்போது?)
3. உங்கள் வீடு, கோயில், பள்ளி ஆகியவற்றைச் சுற்றி நடந்து, சரிவு, வடிகால், நீர்க்கசிவு உள்ள இடங்களை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். அடைத்துக்கிடக்கும் வடிகால் இருந்தால் அதைச் சுத்தம் செய்வதே இந்த மாத முதல் வேலை.
4. ஒரு மாதம் காலை எட்டு மணி மழை அளவை எழுதி, அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள். கருவி இல்லாதவர்கள் டப்பா அளவோடு வரலாம்.